பேக்கர் துரையின் துவக்குகள்

டயகமத் தோட்டத்தின் மேற்கணக்கில் தேயிலை முடிந்து காடு தொடங்கும் ஓரிடம் உண்டு. அங்கிருந்து ஒற்றையடிப் பாதையொன்று ஹோட்டன் சமவெளிக்கு ஏறிச் செல்கின்றது. ஓராண்டு என் மாணவர்களை அவ்வழியே அழைத்துச் சென்றேன். சமவெளியிலுள்ள பேக்கர் அருவியின் முன்னே நின்றபொழுது ஒரு சிறுவன், பேக்கர் என்பவர் பேக்கரி வைத்திருந்தவரா என்று வினவினான். எல்லோரும் நகைத்தனர். நானும் நகைத்துவிட்டு, அவர் ஒரு வேட்டைக்காரர் என்று சுருக்கமாகக் கூறி முடித்தேன். அவ்விடை போதாது என்பது பின்னரே எனக்குப் புலனாயிற்று.

கீழைத்தேயக் கல்லூரியில் இலக்கணம் பயின்ற எனக்குத் துவக்கைப் பற்றித் தெரிந்தது அச்சொல்லின் வரலாறு மட்டுமே. துவக்கும் துப்பாக்கியும் துருக்கிய மொழி வழியாக நம்மிடம் வந்த சொற்கள். பொருளின் வரலாற்றை அறிய பேக்கரின் வாழ்க்கையைப் படிக்க வேண்டியதாயிற்று.

சாமுவேல் வைற் பேக்கர் 1821ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் லண்டனில் ஒரு செல்வ வணிகர் குடும்பத்திற் பிறந்தார். அவருடைய இளமை மோகம் துவக்கேயாகும். கடையில் இருந்ததை வாங்கி அமைதி கொள்ளும் இயல்பு அவருக்கில்லை. இருபது வயது நிறையுமுன்னரே, 1840இல், பிறிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்னும் துவக்குக் கம்மியரிடம் தாமே வகுத்த அமைப்பைக் கொடுத்து ஒரு றைபிள் செய்வித்தார். வரியுள்ள குழலில் மிகுந்த மருந்திட்டால் குண்டு வரியைப் பற்றாது வழுக்கிவிடும் என்பது அக்காலத்தோர் கொள்கை. அதனால் பலர் சிறிதளவு மருந்தே இட்டனர். பேக்கர் அதனை ஏற்றிலர். குழலினுள் ஆழமான இரண்டே வரிகள். அவை 36 அங்குல நீளத்தில் ஒரே ஒரு சுற்றுச் சுற்றின. குண்டின் இடுப்பில் அவ்வரிகளிற் பொருந்தும் பட்டியொன்று. ஆகவே 16 திராம் மருந்திட்டும் குண்டு வழுக்கவில்லை. உருண்டைக் குண்டின் நிறை 3 அவுன்ஸ், கூம்புக் குண்டின் நிறை 4 அவுன்ஸ். உதைப்பைத் தாங்குதற்காகத் துவக்கின் நிறை 21 இறாத்தலாயிற்று. இன்றைய கணக்கில் ஒன்பதரைக் கிலோ. நம் தாய்மார் ஒரு நாளிற் பறிக்கும் கொழுந்தில் அது ஏறத்தாழப் பாதி.

இத்துவக்கோடு 1846இல் இலங்கை வந்தார். யானை வேட்டையே அவரை ஈர்த்தது. அந்நாளில் யானையைக் கொல்லுதல் குற்றமன்று; அரசு பரிசே கொடுத்தது. வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும், 1848க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில், 3,500 யானைகளுக்குப் பரிசு வழங்கப்பட்டதாக எமர்சன் தெனன்ற் எழுதிவைத்துள்ளார். எண்ணிப் பார்க்கவே மனம் கூசுகின்றது.

காய்ச்சலுற்று, உடல் தேற நுவரெலியா வந்த பேக்கர் அவ்விடத்தின் குளிரில் மயங்கினார். 1848இல் இங்கிலாந்திலிருந்து குடியேறிகள், கொல்லன், மாடு, ஆடு, வேட்டைநாய் யாவற்றையும் கப்பலேற்றிக் கொணர்ந்து ஓர் ஆங்கிலக் கிராமத்தை இம்மலையில் நட முயன்றார். தொடக்கமே துயரமாயிற்று. இறம்பொடைக் கணவாயில் வண்டி பள்ளத்தில் வீழ்ந்தது. குதிரைக்காரன் குடிமயக்கத்தில் விரட்டிச் சென்ற யானை களைத்து மாண்டது. எனினும் காடு திருத்திப் பண்ணை அமைத்தார்.

வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் ஊடுருவியதைப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கின்றார். பேக்கர் துவக்கிலே தேடியதும் அந்த ஊடுருவும் ஆற்றலையே. ஆனால் ஓரிக்கில்லாத இடர் ஒன்று அவருக்கிருந்தது. அவர் துவக்கு வாய்வழி மருந்திடுவது. மருந்து கொட்டி, குண்டை இடித்திறக்கி, கேப்புப் பொருத்துவதற்குள் யானை வந்துவிடும். ஆகவே அந்த ஒற்றைக்குழல் றைபிளுக்கு மேலாக இன்னொரு ஒற்றைக்குழலும், பத்தாம் இலக்க இரட்டைக்குழல் நான்கும் அவர் வைத்திருந்தார்.

இவற்றைச் சுமந்தவர் யார்? இங்கேதான் என் உள்ளம் நின்றுவிட்டது. துரையின் முதுகுக்குப் பின்னே நிறைத்த துவக்கோடு ஆட்கள் நின்றனர். ஒன்று வெடித்ததும் அடுத்ததை அவர் கையில் வைக்க வேண்டும். யானை பாய்ந்து வருகையில் ஓடவும் கூடாது. தம் கையிலுள்ளதைச் சுடவும் கூடாது. அவருள் கொச்சியைச் சேர்ந்த வாலஸ் என்பவரின் பெயர் பேக்கரின் எழுத்தில் நிலைத்தது. ஸ்மட், கில்பக், பிரான், லூசிபர் என்னும் நாய்களின் வீரமும் மரணமுமோ விரிவாகவே எழுதப்பட்டன.

அமெரிக்காவில் 1980களில் ஒரு விளையாட்டுத் தோன்றியது. பழைய மாட்டிடையர் உடை புனைந்து, விசைக்கு அடியிலுள்ள நெம்புகோலை இறக்கியேற்றி அடுத்த குண்டைக் கொணரும் பழையவகை றைபிளால் இலக்கைச் சுடுவர். ஒரு கணம் மிச்சப்படுத்துதற்காக வில்லை இளக்கி, உராயும் பாகத்தை மெருகிட்டு, நெம்புகோலின் வீச்சைக் குறுக்குவராம். பேக்கரின் காலத்தில் அந்நெம்புகோலின் வேலையை மனிதர் செய்தனர் என்பதே என் மாணவனுக்கு நான் சொல்லாது விட்டது.

ஒன்று கூறல் நீதி. இச்சமவெளியில் மரையை வேட்டையாடியபொழுது பேக்கர் துவக்கையே கொண்டு செல்லவில்லை. நாய்களோடு ஓடி, ஓரடி நீளக் கத்தியாற் பொருதார். அஞ்சாமை அவரிடம் நிறைய இருந்தது. இரக்கம் எவ்வளவிருந்தது என்பதைப் படிப்போர் தீர்த்துக் கொள்க.

1855இல் குடும்பத்தோடு நாடு திரும்பினார். அவ்வாண்டு டிசம்பரிலேயே மனைவி ஹென்றியற்றா பிரான்சிற் காய்ச்சலால் இறந்தார். தாயற்ற பெண்குழந்தைகள் நால்வர். பின்னர் வாழ்க்கைத் துணையான புளோரன்சை, 1859இல் தன்யூப் நதிக்கரை விடின் நகரத்து அடிமைச் சந்தையிலிருந்து மீட்டார் என்பர். இருவரும் 1861இல் நைல் நதியின் மூலந்தேடிப் புறப்பட்டு, 1864 மார்ச் 14இல் ஓர் ஏரியைக் கண்டு அல்பேட் எனப் பெயரிட்டனர். 1866இல் அவர் சேர் சாமுவேல் ஆனார். 1869 முதல் 1873 வரை எகிப்திய மன்னர் சார்பில் மேல் நைலில் அடிமை வணிகத்தை ஒடுக்கப் போராடினார்.

துவக்கைத் திருத்தும் வேட்கை அங்கும் தணியவில்லை. ஈயத்தோடு பாதரசம் கலந்து குண்டைக் கெட்டியாக்கினார். ஹொலன்ட் கம்மியரிடம் அரை இறாத்தல் வெடிகுண்டு எறியும் துவக்கொன்று செய்வித்தார். அரபுப் பணியாளர் அதற்குப் பீரங்கியின் குழந்தை எனப் பெயரிட்டனர். அதன் உதைப்புக்கு அவரே அஞ்சி அருமையாகவே சுட்டார். பெரிதாக்குதற்கும் ஓர் எல்லை உண்டு என அத்துவக்கிடம் கற்றார் போலும். முதுமையில் அவர் விரும்பியது 12 இறாத்தல் நிறையுள்ள, பின்வழி குண்டிடும் 577 இரட்டைக்குழலே.

1881இல் அமெரிக்காவின் பிக்ஹோர்ன் மலைகளில் வேட்டையாடினார். 1890இல் வனவிலங்குகளைப் பற்றிய பெருநூலை வெளியிட்டபொழுது, ஐம்பதாண்டுக்கு முந்திய கிப்ஸின் றைபிளை மறவாது, அதன் அளவுகளை அதிலே குறித்தார். 1893 டிசம்பர் 30ஆம் நாள் டெவனிலுள்ள தம் இல்லத்தில் மாரடைப்பால் இறந்தார். உடல் தகனஞ் செய்யப்பட்டது.