பாறைகளின் உறவை ஆராய்ந்தவர்

திருவனந்தபுரம் மாவட்டத்தில், அகத்தியர் மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது போனக்காடு. தேயிலைத் தோட்டங்களைத் தாங்கும் இத்தென்மலைப் பகுதி மிகத் தொன்மையான பாறைகளால் ஆனது. அவற்றுள் ஒன்று சார்னோக்கைட்டு. அதற்குப் பெயரிட்டவர் தாமஸ் ஹென்றி ஹாலந்து.

ஹாலந்து 1868ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கார்ன்வால் என்னும் பகுதியில் பிறந்தார். இலண்டனில் அறிவியல் பயின்றார். 1890இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியேற்றார்.

கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்னும் ஆங்கிலேய வணிகரின் கல்லறை உள்ளது. அதன் கல் ஹாலந்தின் கருத்தைக் கவர்ந்தது. வண்டல் படிந்த அந்நிலத்தில் அத்தகைய பாறை கிடைப்பதில்லை. அவர் அதனை ஆராய்ந்து, சென்னையை அடுத்த பல்லாவரம், பரங்கிமலைப் பாறைகளோடு அது ஒத்திருப்பதை அறிந்தார். 1893இல் சார்னாக்கின் பெயரையே அப்பாறைக்குச் சூட்டினார்.

அப்பாறை வகையுள் வெளிறியவையும் உண்டு, கரியவையும் உண்டு. தோற்றத்தில் வேறுபட்ட அவை யாவும் ஒரே பாறைக்குழம்பிலிருந்து பிரிந்த ஒரு குடும்பம் என்று 1900இல் வெளியிட்ட நூலில் அவர் விளக்கினார்.

ஒரே குழம்பு எவ்வாறு பலவாகப் பிரியும்? குளிரும்போது முதலில் தோன்றும் கனமான படிகங்கள் அடியில் தங்க, எஞ்சிய குழம்பின் இயல்பு மாறும். இது ஒரு வழி. எண்ணெயும் நீரும்போல, ஒன்றோடொன்று கலவாத இரு நீர்மங்களாகக் குழம்பே பிரிதல் மற்றொரு வழி. இவ்விரண்டாம் வழியை அறிஞர் பலர் நெடுங்காலம் ஐயுற்றனர். 1969இல் அப்பல்லோ 11 கொணர்ந்த நிலவுப் பாறைகளில் அதற்குத் தெளிவான சான்று கிடைத்தது.

ஹாலந்தின் விளக்கமும் பின்னர்த் திருத்தம் பெற்றது. போனக்காட்டை அடுத்த பொன்முடியில், வரிகளையுடைய நைஸ் பாறை உருகாமலே ஆங்காங்கே சார்னோக்கைட்டாக மாறியிருப்பதை ஆய்வாளர் கண்டனர். எனவே, எல்லாச் சார்னோக்கைட்டும் குழம்பிலிருந்து பிறந்ததன்று.

1903இல் துறையின் இயக்குநரான ஹாலந்து 1947இல் மறைந்தார். அவர் தந்த விடை மாறினாலும், அவர் எழுப்பிய வினாவே ஆய்வை வளர்த்தது. அவர் இட்ட பெயரும் இன்றுவரை நிலைத்துள்ளது.

அருஞ்சொற்பொருள்
தொன்மை – பழமை
ஐயுறுதல் – சந்தேகித்தல்
நீர்மம் – திரவம்

வினாக்கள்
1. சார்னோக்கைட்டு என்னும் பெயர் எவ்வாறு வந்தது?
2. பாறைக்குழம்பு பிரியும் இரு வழிகள் யாவை?
3. பொன்முடிப் பாறைகள் உணர்த்திய உண்மை யாது?