விண்ணை நோக்கிய வணிகர் மகன்: விக்ரம் சாராபாய்

அகமதாபாத்தில் நூற்பாலைகள் நடத்திவந்த செல்வச் சமணக் குடும்பத்தில், அம்பாலாலுக்கும் சரளாதேவிக்கும் மகனாக 1919 ஆகஸ்ட் 12ஆம் நாள் விக்ரம் சாராபாய் பிறந்தார். கேம்பிரிட்ஜில் பயின்றார், போர்க்காலத்தில் தாயகம் திரும்பிப் பெங்களூரில் சர் சி.வி. இராமனிடம் விண்கதிர்களை ஆராய்ந்தார். 1942இல் அவர் மணந்த நாட்டியக் கலைஞர் மிருணாளினி, சென்னை வழக்கறிஞர் சுவாமிநாதனின் மகள். அவ்வகையில் அவர் சென்னைக்கு மருமகன்.

1947ஆம் ஆண்டு அவருக்குப் பெரிய ஆண்டு. முனைவர் பட்டம் பெற்ற அதே ஆண்டில் இயற்பியல் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். அகமதாபாத் நூற்பாலைகளுக்கென எழுந்த ஆராய்ச்சிக் கழகத்தின் பொறுப்பையும் ஏற்றார். ஆலை உரிமையாளரின் பணமும் அரசின் பணமும் ஒன்றுசேர்ந்து நடந்த நிறுவனம் அது. அரசு கைகொடுக்க வேண்டும், ஆனால் கையைப் பிடித்து எழுதக்கூடாது என்ற பாடத்தை அவர் அங்கேதான் கற்றிருக்க வேண்டும்.

ராக்கெட் என்னும் ஏவூர்தித் தொழிலை இந்நாட்டில் எந்த வணிகராலும் அன்று தொடங்கியிருக்க இயலாது. பெரும்பொருள் வேண்டும், பயன் பல்லாண்டு கழித்தே கிட்டும். ஆகவே அரசிடம் சென்றார். 1962இல் அமைந்த விண்வெளி ஆராய்ச்சிக் குழுவுக்கு அவரே தலைவர். அக்குழு அணுசக்தித் துறையின் நிழலில் வைக்கப்பட்டது. நிதியிலும் நியமனத்திலும் பிற துறைகளுக்கில்லாத அதிகாரம் அத்துறைக்கு இருந்தமையால், ஒவ்வோர் ஆணிக்கும் கோப்பு நகரக் காத்திருக்கும் நிலை நேரவில்லை. ஹோமி பாபாவின் ஆதரவும் துணைநின்றது.

காந்தப்புல நடுக்கோட்டருகே கேரளத்துத் தும்பா என்னும் மீனவர் ஊர் தெரிவாயிற்று. அவ்வூர் மக்கள் தங்கள் தேவாலயத்தையே விட்டுக்கொடுத்தனர். அதுவே முதல் அலுவலகமாயிற்று. 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து எழுந்த முதல் ஏவூர்தி அமெரிக்காவினுடையது. நான்கே ஆண்டுகளில், 1967 நவம்பரில், நம் நாட்டில் செய்த சிறிய ரோகிணி பறந்தது. பசித்த நாட்டுக்கு ஏவூர்தி எதற்கு என்று கேட்டோர் அந்நாளில் பலர், அக்கேள்வி நியாயமானதே. நிலவுக்குப் போட்டியிட அன்று, வானிலை அறியவும் சிற்றூர்களுக்குக் கல்வி சேர்க்கவும் என்பது சாராபாயின் விடை. அவர் திட்டமிட்டபடியே, அவர் மறைந்தபின் 1975-76இல் செயற்கைக்கோள் வழியாக ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குக் கல்வி ஒளிபரப்புச் சென்றது.

1966இல் பாபா விபத்தில் மறைய, அணுசக்தி ஆணையத்தின் தலைமையும் இவரிடம் வந்தது. சீனம் அணுகுண்டு வெடித்திருந்த காலம். நாமும் செய்வோம் என்ற குரல் ஓங்கியிருந்தது. சாராபாய் இசையவில்லை. நாட்டின் பொருள்வளத்தைக் காட்டியே வாதிட்டார். ஆயினும் கொல்லாமையைக் குலநெறியாகக் கொண்ட மரபில் பிறந்தவர் என்பதை மறக்கவியலாது. 1968இல் தும்பா நிலையம் ஐக்கிய நாடுகள் அவைக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

1969 ஆகஸ்ட் 15இல் இஸ்ரோ பிறந்தது. கீழ்க்கரையில் சிறீஅரிக்கோட்டாவிலிருந்து 1971 அக்டோபரில் முதல் சிற்றேவூர்தி எழுந்தது. அவ்வாண்டு டிசம்பர் 30 அன்று, தும்பாப் பணிகளைப் பார்வையிடச் சென்றிருந்த சாராபாய் கோவளத்தில் உறக்கத்திலேயே உயிர்நீத்தார். அகவை 52. மறு ஆண்டே விண்வெளிக்கெனத் தனி ஆணையமும் தனித் துறையும் அமைந்தன.

இன்று அத்தொழிலில் தனியாரும் இறங்கியுள்ளனர். 1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கைப்படி, தனியார் ஏவினாலும் உலகுக்குப் பொறுப்பு அந்நாட்டு அரசே. எனவே 2020இல் இன்-ஸ்பேஸ் என்னும் ஒப்புதல் அமைப்பு அறிவிக்கப்பட்டது. 2023இல் விண்வெளிக் கொள்கை வெளிவந்தது. விதி பிந்தினால் என்னாகும் என்பதை வேலூர், ஆம்பூர் மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோல் தொழில் அயல்நாட்டுச் செலாவணி ஈட்டித் தந்தது. ஆனால் பாலாறு கெட்ட பின்னரே, 1996இல், மாசுபடுத்தியவரே இழப்பீடு தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் விதித்தது. ஏவூர்தித் தொழிலிலோ ஒப்புதல் அமைப்பு முந்திக்கொண்டது.

2022 நவம்பர் 18இல் நாட்டின் முதல் தனியார் ஏவூர்தி சிறீஅரிக்கோட்டாவிலிருந்து எழுந்தது. அதனைச் செய்த ஐதராபாத் நிறுவனம் அதற்கு இட்ட பெயர் விக்ரம். 2024 மே மாதத்தில் சென்னை அக்னிகுல் நிறுவனத்தாரின் ஏவூர்தி, அங்கேயே அவர்கள் அமைத்த சொந்த ஏவுதளத்திலிருந்து பறந்தது. இவ்விரண்டுக்கும் ஒப்புதல் வழங்கிய அமைப்பின் தலைமையகம் அகமதாபாத்தில் இருக்கிறது.