எண்களின் ஆழம் கண்டவர்

நுழையும்முன்

டன் கணக்கான பாறையை உடைத்துப் பொடியாக்கிச் சிறிதளவு பொன்னைப் பிரித்தெடுத்தவர்கள் தங்கவயலின் முன்னோர். எஞ்சிய பொடி இன்றும் சயனைடு மேடுகளாய் நம் கண்முன் நிற்கிறது. எண்களுக்குள் அவ்வாறே உழைத்து உண்மை கண்ட கணித அறிஞர் ஒருவரின் வரலாறே இப்பாடம்.

இளமை

குற்றாலத்தை அடுத்த வல்லம் என்னும் ஊரில், 1901ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், சுப்பையா பிள்ளைக்கும் கோமதி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார் சிவசங்கரநாராயணப் பிள்ளை. பிறந்து ஓராண்டு அளவில் தாயை இழந்தார். தந்தையே அவரை வளர்த்தார். செங்கோட்டைப் பள்ளியில் பயின்றபோது, சாஸ்திரியார் என்னும் ஆசிரியர் அவரது கூரிய அறிவைக் கண்டுகொண்டார்.

பள்ளிப் படிப்பு முடியும் தறுவாயில் தந்தையும் மறைந்தார். படிப்பைத் தொடரப் பொருள் இல்லை. அந்நிலையில் சாஸ்திரியார் தம் ஊதியத்திலிருந்தே மாணவருக்கு உதவினார். அவ்வுதவி கிட்டாதிருந்தால் பிள்ளையின் கல்வி அன்றே நின்றிருக்கும். பின்னர் நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியில் இடைநிலை வகுப்பும், உதவித்தொகை பெற்றுத் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பட்டப் படிப்பும் முடித்தார்.

ஆராய்ச்சி

சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனந்தராவின் வழிகாட்டுதலில் ஆராய்ச்சியைத் தொடங்கினார். 1929ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். அவரது பெரும்பணி அங்குதான் நிகழ்ந்தது.

1770ஆம் ஆண்டு வாரிங் என்னும் ஆங்கிலேயர் ஒரு கருத்தை வெளியிட்டார். எந்த இயல் எண்ணையும் நான்குக்கு மிகாத வர்க்க எண்களின் கூட்டலாகவும், ஒன்பதுக்கு மிகாத கன எண்களின் கூட்டலாகவும் எழுதலாம் என்பது அது. நான்காம் அடுக்குக்கு 19 எண்கள் போதும் என்றும், மேல் அடுக்குகளுக்கும் இவ்வாறே ஓர் எல்லை உண்டு என்றும் அவர் கருதினார். ஆனால் அவற்றை அவர் நிறுவவில்லை.

ஆறாம் அடுக்கை எண்ணிப் பார்ப்போம். 2இன் ஆறாம் அடுக்கு 64. 3இன் ஆறாம் அடுக்கு 729. இப்போது 703 என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். 729 அதனினும் பெரியது. எனவே 64ஐயும் 1ஐயும் மட்டுமே நாம் பயன்படுத்த இயலும். பத்து 64களும் அறுபத்து மூன்று 1களும் சேர்ந்தால் 703 ஆகும். ஆக, 73 எண்கள் தேவை. அதனினும் குறைக்க இயலாது.

இதுவரை கணக்கிடுவது எளிது. ஆனால், எண்களுக்கு முடிவில்லை. அவற்றுள் எந்த ஓர் எண்ணுக்கும் 74ஆவது தேவைப்படாது என்பதை எவ்வாறு உறுதி செய்வது? ஒவ்வொன்றாகச் சரிபார்க்க எவருடைய ஆயுளும் போதாது. எல்லா எண்களுக்கும் பொருந்தும் நிறுவல் வேண்டும். 1935, 1936ஆம் ஆண்டுகளில் பிள்ளை, ஏழாம் அடுக்கு முதலான பல அடுக்குகளுக்கு விடை கண்டார். அதே காலத்தில் அமெரிக்க அறிஞர் டிக்சனும் தனித்து உழைத்து அம்முடிவுகளை எட்டினார். எஞ்சி நின்ற ஆறாம் அடுக்குக்கு 73 போதும் என்பதை 1940ஆம் ஆண்டு பிள்ளை நிறுவினார்.

இறுதிப் பயணம்

1942ஆம் ஆண்டு முதல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரிலுள்ள உயர் ஆய்வு நிறுவனம், ஓராண்டு தங்கி ஆராய அவரை அழைத்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் நடைபெற்ற பன்னாட்டுக் கணித மாநாட்டிலும் அவர் கலந்துகொள்ளவிருந்தார். 1950ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள், அவர் சென்ற விமானம் எகிப்து நாட்டில் கெய்ரோவிலிருந்து புறப்பட்ட சிறிது நேரத்தில் விழுந்து நொறுங்கியது. அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். அப்போது பிள்ளைக்கு வயது 49.

வாரிங் கருத்தில் ஐந்தாம் அடுக்குக்கு 37 போதும் எனச் சீன அறிஞர் சென் 1964இல் நிறுவினார். நான்காம் அடுக்குக்கு 19 போதும் என்பதை 1986இல் நிறுவிய மூவருள் ஒருவர் நம் நாட்டவரான ஆர். பாலசுப்பிரமணியன். உலகம் இவ்வறிஞர்களின் பெயர்களை நினைவில் வைத்துள்ளது. செங்கோட்டைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் ஊதியத்தைப் பகிர்ந்ததையும் நாம் நினைவில் கொள்வோம்.

சொற்பொருள்

தறுவாய் – வேளை
எஞ்சிய – மீதியுள்ள
நிறுவுதல் – சான்றுடன் மெய்ப்பித்தல்

பயிற்சி

1. பிரித்து எழுதுக: ஓராண்டு, இப்பாடம்.
2. சாஸ்திரியார் செய்த உதவி யாது? அது கிட்டாதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்?
3. 703ஐ எழுத 73 எண்கள் தேவைப்படுவது ஏன்? உம் சொந்த நடையில் விளக்குக.
4. 23ஐக் கன எண்களின் கூட்டலாக எழுதுக. குறைந்தது எத்தனை எண்கள் தேவை?
5. ஒருவருடைய படிப்பு நின்றுவிடாமல் காத்த உம் ஊரார் ஒருவரைப் பற்றிப் பெரியோரிடம் கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதுக.