இரண்டாம் வகுப்பு மாணவனை நம்பிய அருள்தந்தை

காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகத்தைக் கடக்கும்போதெல்லாம், அதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கிய கோட்டையூர் வள்ளல் அழகப்பச் செட்டியாரை நன்றியோடு நினைக்கிறோம். 1950-இல் சென்னையில் இராமானுஜன் கணித நிலையத்தை நிறுவியவரும் அவரே. ஆய்வுக்கூடம் எழுப்ப வள்ளல் வேண்டும். அதற்குள் போய் உட்காரத் தகுந்த பிள்ளையை அடையாளம் காண வேறொருவர் வேண்டும். அதே சென்னையில், அதே காலத்தில், அந்தப் பணியை ஓசையின்றிச் செய்துவந்தவர் இயேசு சபைக் குரு அருள்தந்தை சார்லஸ் ரசீன்.

1897-இல் பிறந்த தந்தை அவர்கள், பாரிசில் எலி கார்த்தான் என்ற பெரும் கணித அறிஞரிடம் ஆய்வு செய்து 1934-இல் முனைவர் பட்டம் பெற்றவர். 1937-இல் திருச்சி தூய வளனார் கல்லூரிக்கும், 1939-இல் சென்னை இலயோலாவுக்கும் வந்தார். மறைப்பணி என்றால் மறையுரை மட்டுமே என்று நாம் நினைத்துவிடுகிறோம். இவருக்குக் கரும்பலகையும் மறைப்பணித் தளமாயிற்று.

உள்ளதைச் சொன்னால், வகுப்பில் அவரைப் பின்தொடர்வது எளிதாக இருக்கவில்லை. தேர்வுக்குத் தயாரிக்கும் ஆசிரியரும் அல்லர். ஆனால் பாடத்திட்டம் பழையதாக இருந்த நாளில், பிரான்சில் அப்போது உருவாகிவந்த புதிய கணிதத்தை இளங்கலை மாணவர்களுக்கு அறிமுகம் செய்தார். தேடல் உள்ளவர்களைப் பம்பாயிலுள்ள டாட்டா ஆய்வு நிறுவனத்துக்குப் போகத் தூண்டினார். சி.எஸ். சேஷாத்ரியும் எம்.எஸ். நரசிம்மனும் அப்படி 1953-இல் அங்கே சேர்ந்தவர்கள். 1965-இல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட தேற்றத்தை உலகம் இன்றும் அவர்கள் பெயராலேயே அழைக்கிறது.

நம்மை அதிகம் தொடுவது சி.பி. இராமானுஜத்தின் கதை. 1957-இல் ஆனர்ஸ் தேர்வில் அவருக்குக் கிடைத்தது இரண்டாம் வகுப்பு. நம் வீட்டுப் பிள்ளை அப்படி ஒரு மதிப்பெண் பட்டியலோடு வந்தால் அன்று இரவு வீட்டில் என்ன பேச்சு நடக்கும்? தந்தையோ சுயமாகச் சிந்திக்கும் மனமும் அறியும் ஆவலும் உடையவர், வாய்ப்பளித்தால் நல்ல ஆய்வாளராக வளர்வார் என்று பரிந்துரைத்தார். பட்டியலில் இல்லாத ஒன்றை அவர் பார்த்திருந்தார். இயற்கணித வடிவியலில் இராமானுஜத்தின் பெயர் தாங்கிய தேற்றம் இருக்கிறது.

1974-இல், 36 வயதிலேயே இராமானுஜம் மறைந்தார். மாணவனை அனுப்பிவைத்த முதிய குரு அப்போதும் உயிரோடிருந்தார். 1976-இல் அவரும் ஆண்டவரில் துயில் கொண்டார்.