நெப்போலியனுக்குப் பதில் எழுதாத டாக்டர்

1787-ம் ஆண்டு, ஏப்ரல் முதல் தேதி. கார்சிகா தீவில் உள்ள அஜாக்சியோ என்ற ஊரிலிருந்து ஒரு வாலிபர் கடிதம் எழுதினார். அவருக்கு வயது 17. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிறிய உத்தியோகம். விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தார்.

அவருடைய தகப்பனார் 1785-ம் ஆண்டிலேயே இறந்து விட்டார். அதன் பிறகு குடும்பத்தைத் தாங்கியவர் சின்னத் தாத்தா. அவர் ஒரு பாதிரியார். அவருக்குக் கால் மூட்டுகளில் கீல்வாதம் வந்து விட்டது. அவர் படுத்து விட்டால் குடும்பம் என்ன ஆவது? இந்தக் கவலையோடுதான் வாலிபர் கடிதம் எழுதினார்.

வாலிபரின் பெயர் நெப்போலியன் போனபார்ட். கடிதம் போனது, கடல் தாண்டி, மலை தாண்டி, லோசான் நகரத்துக்கு. அங்கே இருந்தவர் டாக்டர் சாமுவேல் டிசோ.

நெப்போலியன் அந்த டாக்டரைப் பார்த்ததே இல்லை. ஆனால் டிசோவுக்கு எழுதினால் வழி பிறக்கும் என்று ஐரோப்பா முழுவதும் நம்பிய காலம் அது.

ஏழைகளின் வைத்தியர்

டிசோ 1728-ம் ஆண்டு பிறந்தார். ஊர், லோசானுக்குப் பக்கத்தில் உள்ள கிரான்சி என்ற கிராமம். இன்று அது சுவிட்சர்லாந்து நாட்டில் இருக்கிறது. பிரான்சில் மோன்பெல்லியே நகரத்தில் வைத்தியம் படித்து, 1749-ல் பட்டம் பெற்றார். பிறகு லோசானுக்குத் திரும்பி, ஏழைகளுக்கு வைத்தியம் செய்யும் டாக்டராக வேலை பார்த்தார்.

அப்போது பெரியம்மை குழந்தைகளை வாரிக்கொண்டு போயிற்று. அம்மைப் பாலை எடுத்து, நோய் இல்லாதவர் உடம்பில் ஏற்றும் முறை அந்த நாளிலேயே இருந்தது. ஜனங்கள் அதைக் கண்டு பயந்தார்கள். அந்த முறை நல்லதே என்று 1754-ல் டிசோ ஒரு புத்தகம் எழுதினார். ஜென்னர் பசு அம்மைப் பாலைக் கொண்டு அம்மை குத்தியது அதற்கு 42 ஆண்டு கழித்துத்தான்.

கிராமத்துக்கு ஒரு புத்தகம்

1761-ல் வந்த புத்தகம்தான் அவரை உலகம் அறியச் செய்தது. ஜனங்கள் தங்கள் உடம்பைக் காத்துக்கொள்ள யோசனை சொல்லும் புத்தகம் அது. பல மொழிகளில் பெயர்த்தார்கள்.

குடியானவர்களில் பலருக்கு அன்று எழுத்துத் தெரியாது. டிசோவுக்கு இது தெரியும். அதனால், படிக்கத் தெரிந்த பாதிரியாரும், பள்ளிக்கூட வாத்தியாரும், இரக்கமுள்ள சீமாட்டிகளும் படித்துத் தெரிந்துகொண்டு, பக்கத்து வீட்டு ஏழைக்கு உதவட்டும் என்று எழுதினார்.

அக்காலத்தில் ஒருவருக்கு ஜுரம் வந்தால் என்ன செய்வார்கள்? ஜன்னலைச் சாத்துவார்கள். கணப்பு மூட்டுவார்கள். கம்பளி மேல் கம்பளியாகப் போர்த்துவார்கள். வேர்க்க வேண்டும் என்று மதுவைக் கொடுப்பார்கள். பலம் வேண்டும் என்று மாமிச ரசத்தையும் ஊற்றுவார்கள். பாவம், நோயாளி!

இதையெல்லாம் நிறுத்துங்கள் என்றார் டிசோ. ஜன்னலைத் திறக்கச் சொன்னார். போர்வையைக் குறைக்கச் சொன்னார். தண்ணீரும் பார்லிக் கஞ்சித் தண்ணீரும் தாராளமாகக் கொடுக்கச் சொன்னார்.

அவர் சொன்னதெல்லாம் சரி என்று சொல்ல முடியாது. பல ஜுரங்களுக்கு நரம்பைக் கீறி ரத்தம் எடுக்கச் சொன்னார். அது தவறு என்று இன்று தெரியும். ஆனால் காற்றும் தண்ணீரும் பற்றி அவர் சொன்னது நிலைத்து விட்டது.

டாக்டர் கேட்ட கேள்விகள்

புத்தகத்தில் இன்னொரு பகுதி உண்டு. எனக்கு அதுதான் மிகவும் பிடிக்கிறது. டாக்டரிடம் போகுமுன் தெரிந்து வைத்திருக்க வேண்டிய பதில்களுக்கு அவர் ஒரு கேள்விப் பட்டியல் கொடுத்தார்.

நோயாளிக்கு வயது என்ன? முன்பு சுகமாக இருந்தாரா? இந்த நோய் வந்து எத்தனை நாள்? எப்படித் தொடங்கியது? வலி எங்கே? தூக்கம் உண்டா? தாகம் உண்டா? பசி உண்டா? மலம், சிறுநீர் எப்படி? இதுவரை என்ன மருந்து சாப்பிட்டார்? பெண் என்றால், கர்ப்பமா? குழந்தை என்றால், பல் எத்தனை முளைத்திருக்கிறது? பூச்சித் தொல்லை உண்டா? அம்மை வந்திருக்கிறதா?

அன்று டாக்டர் மார்பில் வைத்துக் கேட்கும் குழாய் கிடையாது. அது வந்தது 1816-ல். கண்ணும், நாடி பிடிக்கும் கையும், நோயாளியின் வாய்ச்சொல்லும்தான் டாக்டருக்குத் துணை. கடிதத்தில் முதல் இரண்டும் இல்லை. ஆகவே வீட்டார் சரியாகச் சொன்னால்தான் டாக்டர் சரியாகச் சொல்ல முடியும். இன்றைக்கும் டாக்டர் வீட்டு வாசலில் காத்திருக்கும்போது இந்தக் கேள்விகளுக்குப் பதிலை மனதில் தயார் செய்துகொள்ளலாம். காசு செலவில்லை.

கடிதங்கள் வந்து குவிந்தன. மனைவிக்காகக் கணவனும், பிள்ளைக்காகத் தாயும் எழுதினார்கள். பிரபுக்களும் எழுதினார்கள். அப்படி வந்தவற்றில் ஆயிரத்துக்கு மேற்பட்டவை லோசானில் பத்திரமாக இருக்கின்றன.

போலந்து மன்னர் தம்மிடம் வரும்படி அழைத்தார். டிசோ போகவில்லை. 1766-ல் லோசானிலேயே ஆசிரியரானார்.

நெப்போலியன் கடிதம் என்ன ஆயிற்று? அதில் சுவையான விஷயம் அதிகம் இல்லை, பதில் எழுதவில்லை என்று அதன் மேலேயே குறித்து வைத்து விட்டார் டிசோ! வயதானவருக்குக் கீல்வாதம் வருவது அவருக்குப் புதிதா என்ன? சின்னத் தாத்தா 1791-ல் இறந்தார்.

டிசோ 1797 ஜூன் மாதம் லோசானில் காலமானார். அதே ஆண்டு நவம்பரில் நெப்போலியன் அந்த ஊர் வழியாகப் போனார். அப்போது அவர் இத்தாலியை வென்ற தளபதி.