கல்லுக்குள் காட்டைக் கண்டவர்

மடிந்த மரம் மட்கி மண்ணாவதே இயற்கையின் வழக்கம். எனினும், ஆற்று வண்டலோ எரிமலைச் சாம்பலோ அதை விரைந்து மூடிவிட்டால், காற்று புகாமல் மட்குதல் தாமதமாகிறது. நிலத்தடி நீரில் கரைந்துள்ள சிலிக்கா மரத்தின் நுண்ணறைகளுக்குள் ஊடுருவிப் படிகிறது. மரப்பொருள் மெல்ல மெல்ல அகல, அதன் இடத்தைக் கனிமம் நிரப்புகிறது. இறுதியில் எஞ்சுவது கல்லே. ஆயினும், மரத்தின் உயிரணு அமைப்புகூட அதில் பதிந்திருக்கும்.

இத்தகைய கற்களைப் படிப்பதையே வாழ்நாள் பணியாகக் கொண்டவர் பீர்பல் சாஹ்னி. 1891 நவம்பர் 14-இல், இன்றைய பாகிஸ்தானில் உள்ள பேரா என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ருசி ராம் சாஹ்னி லாகூரில் வேதியியல் பேராசிரியர். கேம்பிரிட்ஜில் சீவர்டு என்னும் அறிஞரிடம் தொல்தாவரவியல் பயின்ற சாஹ்னி, 1919-இல் தாயகம் திரும்பினார். 1921-இல் லக்னௌ பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறைத் தலைவரானார்.

இன்றைய ஜார்க்கண்டின் ராஜ்மகால் குன்றுகள் அவருக்குப் புதையலாயின. அங்குக் கிடைத்த கல்மரங்களை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவல்களாகத் தேய்த்து, நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். தனித்தனியே கிடைத்த தண்டு, இலை, பூ ஆகியவற்றை இணைத்து, அழிந்துபோன ஒரு தாவரத்தின் முழு உருவத்தை 1932-இல் மீட்டெடுத்து, அதற்குத் தம் ஆசிரியர் சீவர்டின் பெயரைச் சூட்டினார். 1936-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

புகழோடு அவர் நிறைவடைந்துவிடவில்லை. தம் சேகரிப்புகளையும் நூல்களையும் வழங்கி, தொல்தாவரவியலுக்கென ஓர் ஆய்வு நிறுவனத்தை 1946-இல் லக்னௌவில் தோற்றுவித்தார். அதன் கட்டடத்துக்கு 1949 ஏப்ரல் 3-ஆம் தேதி பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். புதைபடிவங்கள் பதிக்கப்பட்ட அந்த அடிக்கல் சாஹ்னியே உருவாக்கியது. ஒரு வாரத்துக்குள், ஏப்ரல் 10 அன்று, தமது 57-ஆம் வயதில் அவர் மாரடைப்பால் காலமானார்.

கனவு அத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால், மனைவி சாவித்திரி பொறுப்பேற்று அப்பணியைத் தொடர்ந்தார். 1953-இல் நேருவே வந்து கட்டடத்தைத் திறந்துவைத்தார். இன்று அந்நிறுவனம் சாஹ்னியின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கல்மரத்தை வீட்டு முற்றத்துக்கான அலங்காரப் பொருளாகக் கருதி எடுத்துச் செல்வோர் இன்றும் உண்டு. எங்கே, எந்தப் பாறையடுக்கில் கிடந்தது என்ற விவரம் அற்றுப்போனால், அது சொல்லக்கூடிய வரலாற்றில் பெரும்பகுதி அழிந்துவிடும். இயற்கை பல லட்சம் ஆண்டுகள் காத்துத் தந்த அந்த ஏட்டைக் கிடந்த இடத்திலேயே விட்டுவைப்பதுதான், அதைப் படிக்கக் கற்றுத் தந்தவருக்கு நாம் செய்யும் நன்றி.