எஸ். கரிவரதன்

சுந்தரம் கரிவரதன் (1954 - ஆகஸ்ட் 24, 1995) கோயம்புத்தூரைச் சேர்ந்த தானுந்துப் பந்தய வீரரும் பந்தயத் தானுந்து வடிவமைப்பாளரும் ஆவார். பந்தய வட்டாரங்களில் கரி என்ற சுருக்கப் பெயரால் அறியப்பட்டார். இந்தியாவில் குறைந்த செலவில் பந்தயத் தானுந்துகளை உருவாக்கி, இளம் ஓட்டுநர்கள் பலருக்கு வழி அமைத்தமைக்காக இவர் இன்று நினைவுகூரப்படுகிறார்.

பந்தய வாழ்க்கை

கரிவரதன் கோவையில் நூற்பாலைத் தொழிலில் ஈடுபட்டிருந்த குடும்பத்தில் பிறந்தார். அக்காலத்தில் தென்னிந்தியாவின் முதன்மையான பந்தயக் களமாகச் சென்னைக்கு அருகிலுள்ள சோழவரம் விளங்கியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளமே அங்கு பந்தயப் பாதையாகப் பயன்பட்டது. கரிவரதன் அங்கு பல போட்டிகளில் கலந்து கொண்டு வெற்றி பெற்றார்.

வெளிநாட்டுத் தானுந்துகளுக்கான இறக்குமதி வரி அந்நாட்களில் மிக அதிகமாக இருந்தது. வசதி படைத்த சிலர் மட்டுமே வெளிநாட்டுப் பந்தயத் தானுந்துகளை வாங்க முடிந்தது. ஏனையோர் பியட், ஹெரால்டு போன்ற உள்நாட்டுத் தானுந்துகளை மாற்றியமைத்து ஓட்டினர். இதனால் வெற்றியைத் தீர்மானிப்பதில் ஓட்டுநரின் திறமையைப் போலவே பணவசதிக்கும் பெரும் பங்கு இருந்தது.

பார்முலா மாருதி

1983 இல் அறிமுகமான மாருதி 800 இந்நிலையை மாற்ற ஒரு வாய்ப்பை அளித்தது. அதன் மூன்று உருளைகள் கொண்ட 796 கன செ.மீ. பொறியும் உதிரிப் பாகங்களும் நாடெங்கும் எளிதில் கிடைத்தன. இப்பொறியைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயத் தானுந்து ஒன்றைக் கரிவரதன் 1980களின் பிற்பகுதியில் வடிவமைத்தார். எஃகுக் குழாய்களால் ஆன சட்டகத்தில், ஓட்டுநருக்குப் பின்புறம் பொறி பொருத்தப்பட்டது. இதுவே பார்முலா மாருதி எனப்பட்டது.

இதன் வேகம் உலகத் தரத்திற்கு நிகரானதன்று. எனினும் போட்டியாளர் அனைவரும் ஒரே வகைத் தானுந்தை ஓட்டியதால் ஓட்டும் திறமை முதன்மை பெற்றது. 1990 இல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் இவ்வகைப் போட்டிகள் தொடர்ந்து நடைபெற்றன. பிரான்சில் பயிற்சி பெற்றுத் திரும்பிய கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன் 1993 இல் பார்முலா மாருதி பந்தயங்களில் கலந்து கொண்டார்.

மறைவு

கரிவரதன் ஆகஸ்ட் 24, 1995 அன்று வானூர்தி விபத்தில் காலமானார். அப்போது அவரது வயது 41. தாம் உருவாக்கிய பந்தய வகையிலிருந்து உலக அரங்குக்குச் சென்ற வீரர்களை அவரால் காண இயலவில்லை. பத்தாண்டுகளுக்குப் பின், 2005 இல், ஜோர்டான் அணிக்காக ஓட்டிய நரேன் கார்த்திகேயன் பார்முலா 1 பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியரானார். அவ்வாண்டு ஆறு தானுந்துகள் மட்டுமே ஓடிய அமெரிக்கப் பந்தயத்தில் நான்காம் இடம் பெற்றார். 2000 இல் பார்முலா மாருதியில் ஓட்டிய சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2010 இல் பார்முலா 1 இல் நுழைந்தார்.

நினைவு

கோவைக்கு அருகில் செட்டிப்பாளையத்தில் அமைந்துள்ள, ஏறத்தாழ 2.1 கி.மீ. நீளமுள்ள பந்தயத் தடத்திற்குக் கரிவரதனின் நினைவாகக் கரி மோட்டார் ஸ்பீட்வே எனப் பெயரிடப்பட்டுள்ளது. முன்னாள் பந்தய வீரரும் தொழிலதிபருமான பி. விஜயகுமாரின் முயற்சியால் 2000களின் தொடக்கத்தில் இது உருவானது. தேசிய அளவிலான தானுந்துப் பந்தயங்கள் பல இங்கு நடத்தப்பட்டுள்ளன. உள்நாட்டுப் பொறியைக் கொண்டு பந்தயத் தானுந்து கட்டும் கரிவரதனின் முறை, மாருதி ஸ்விப்ட் பொறியுடன் பின்னர் வந்த எல்ஜிபி பார்முலா 4 தானுந்துகளிலும் தொடர்ந்தது.